குதிரை காலை ஊன்ற மறுக்கிறதா? முதலில் குளம்பைப் பாருங்கள்!

முகூர்த்த நாள். மாலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை ஊர்வலம். முன்பணம் வாங்கியாகிவிட்டது. ஜிகினா வைத்த மேல்துணி துவைத்துக் கொடியில் காய்கிறது. விடியற்காலையில் கொள்ளு வாளியுடன் லாயத்துக்குள் நுழைகிறார் குதிரைக்காரர். குதிரை முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல், குளம்பின் நுனியை மட்டும் தொட்டபடி, மூன்று காலில் நிற்கிறது!

நேற்று இரவு வரை நன்றாக நடந்த குதிரை. அடி பட்டதாகத் தெரியவில்லை. ரத்தம் இல்லை. வீக்கம் இல்லை. தொட்டால் உதறுகிறது. வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்கிறார் அவர்.

பெங்களூரில் குதிரை வைத்துப் பிழைப்பவர் யாராக இருந்தாலும் இப்படி ஒரு காலைப் பொழுது அவருக்கு ஒருநாள் வந்தே தீரும். அன்று முதல் சில மணி நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே குதிரை பிழைப்பதும், அந்தக் குதிரையால் குடும்பம் பிழைப்பதும் இருக்கின்றன.

ஜட்கா ஓடிய ஊர்

1809-ல் பெங்களூரில் கண்டோன்மெண்ட் அமைந்தது. பட்டாளத்தோடு தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் சிப்பாய்கள் மட்டுமல்ல, குதிரை தேய்ப்பவர்கள், புல் அறுப்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள் எல்லோரும் இருந்தார்கள். 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்டுக்கு ரயில் வந்தது. ரயிலில் இறங்கியவர்களை வீடு சேர்க்க ஜட்கா வேண்டியிருந்தது. பெட்டி படுக்கையோடு ஊரிலிருந்து வந்து இறங்கிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் பெங்களூரை முதன்முதலில் பார்த்தது ஜட்காவின் பின்பக்கத்திலிருந்துதான்.

ஆட்டோ வந்தது, பஸ் பெருகியது, ஜட்கா ஒதுங்கியது. ஆனால் குதிரை ஒதுங்கிவிடவில்லை. ரேஸ் மைதானத்துக் குதிரைகள் ஒரு பக்கம். கல்யாண ஊர்வலத்துக்கும் சாரட்டு வண்டிக்கும் வாடகைக்குப் போகும் குதிரைகள் இன்னொரு பக்கம். ரேஸ் குதிரைக்குக் கால் வலித்தால் அதைக் கவனிக்க டாக்டர் உண்டு, தனி லாடக்காரர் உண்டு. வாடகைக் குதிரைக்கு இருப்பது அதன் சொந்தக்காரர் ஒருவர்தான்.

தெரு முழுக்க வைத்தியர்கள்

குதிரை நொண்டுகிறது என்று தெரிந்தவுடன் தெருவில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். தோள்பட்டை சுளுக்கு என்பார் ஒருவர். வாயு இறங்கிவிட்டது என்பார் இன்னொருவர். திருஷ்டி என்று ஒரு பாட்டி எலுமிச்சம்பழத்தோடு வருவார். விளக்கெண்ணெயைக் காய்ச்சித் தோளில் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள். எண்ணெய் தேய்த்ததில் குற்றமில்லை. அதில் அரை நாள் போய்விடுகிறதே, அதுதான் குற்றம்.

குதிரை டாக்டர்கள் பாடமாகவே வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு. வேறு காரணம் கண்ணுக்குத் தெரியாதவரை, நொண்டும் குதிரையின் கோளாறு குளம்பில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதிலும் லாடம் அடித்த குதிரை திடீரென்று நொண்டினால், தோளையும் முழங்காலையும் பார்ப்பதற்கு முன் குளம்பைத்தான் பார்க்க வேண்டும்.

எந்தக் கால் என்பதே சிலசமயம் குழப்பமாக இருக்கும். கொஞ்சமாக நொண்டும் குதிரையைக் கெட்டியான சமதரையில் நாலு அடி நடத்திப் பார்த்தால் அதன் தலையே சொல்லிவிடும். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். காலையே ஊன்றாத குதிரையை மட்டும் இந்தச் சோதனைக்காக நடத்தக் கூடாது.

அடுத்த சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம், கை போதும். புறங்கையைக் குளம்பின் மேல் வைத்து, மற்றக் குளம்போடு சூட்டை ஒப்பிட வேண்டும். பிறகு, குளம்புக்கு மேலே உள்ள முதல் மூட்டின் பின்புறம் இரு பக்கமும் விரலை வைத்தால் நாடி தட்டுப்படும். நலமாக இருக்கும் குதிரைக்கு அந்த நாடி இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருக்கும். குளம்புக்குள் சீழோ அழற்சியோ இருந்தால் விரலில் தடதடவென்று அடிக்கும். குதிரை நலமாக இருக்கும் நாட்களிலேயே இந்த நாடியைத் தொட்டுப் பழகி வைத்திருப்பவருக்குக் கெட்ட நாளில் வித்தியாசம் உடனே புரிந்துவிடும்.

ஆணி போன வழி

குளம்பு வெளியிலிருந்து பார்க்க ஒரு கட்டை போல இருக்கிறது. நம் விரல் நகத்தைப் போல அதன் வெளிச்சுவரில் உணர்ச்சி இல்லை. அதனால்தான் ஆணி அடிக்க முடிகிறது. ஆனால் அந்தச் சுவருக்கு உள்ளே, புத்தகத்தின் தாள்கள் போல அடுக்கடுக்காக ஏறக்குறைய 600 சதை மடிப்புகள் எலும்பைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கின்றன. அங்கே ரத்தமும் உண்டு, உயிர் போகும் வலியும் உண்டு.

குளம்பைத் தூக்கி அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பார்த்தால், சுவரும் அடிப்பகுதியும் சேரும் இடத்தில் வெளிறிய கோடு ஒன்று ஓடுவது தெரியும். லாட ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியேதான் போக வேண்டும். உள்ளே போனால் சதை.

லாட ஆணியின் முனை ஒரு பக்கம் மட்டும் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். அந்தச் சரிவு ஆணியை வெளிப்பக்கமாக வளைத்துத் தள்ளும். ஆணி குளம்புச் சுவரில் எட்டிப் பார்த்ததும் முனையை முறித்துவிட்டு மிச்சத்தை மடக்கித் தட்டுவார்கள். திறமையான லாடக்காரர் சுத்தியலின் சத்தத்தை வைத்தே ஆணி கெட்டியான சுவரில் போகிறதா, மெத்தென்ற இடத்தில் போகிறதா என்று கண்டுபிடித்துவிடுவார்.

தப்பு இரண்டு விதமாக நடக்கும். ஆணி நேரே சதையில் குத்தினால் குதிரை அப்போதே காலைப் பிடுங்கும். ஆணியில் ரத்தம் தெரியும். இது ஒரு விதம். மற்றது கொஞ்சம் கள்ளத்தனமானது. ஆணி சதையைக் குத்தாது, ஆனால் அதை ஒட்டிப் போய் அழுத்திக்கொண்டிருக்கும். அன்று குதிரை நன்றாக நடக்கும். ஓரிரண்டு நாள் கழித்து நொண்டும். குத்திய துளை வழியே அழுக்கு ஏறிச் சீழ் பிடித்தால் இன்னும் சில நாள் தாமதித்துக்கூட வலி வெடிக்கும். லாடம் அடித்தது போன வாரமாயிற்றே என்று குதிரைக்காரர் ஏமாந்து போவது இங்கேதான்.

குளம்பு கெட்டி, உள்ளே பிடித்த சீழுக்கு விரிய இடம் கிடையாது. நம் நகக்கண்ணில் சீழ் வைத்தால் இரவெல்லாம் தூக்கம் வராதல்லவா? குதிரை அதே வலியின் மேல் தன் 300, 400 கிலோ எடையை வைத்து நிற்க வேண்டியிருக்கிறது.

“பாய், கொஞ்சம் வாங்க”

லாடம் அடித்தவரைக் கூப்பிடுவதுதான் அடுத்த வேலை. இங்கே பலர் சண்டையில் ஆரம்பிக்கிறார்கள். “பாய், நீங்க அடிச்ச லாடம்தான் இப்படிப் பண்ணிடுச்சு!” என்று தெருவில் கத்தினால் அவர் வரமாட்டார், அல்லது வந்து மறுப்பார். “பாய், கால ஊன மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாருங்க” என்றால் குறட்டோடு வந்துவிடுவார். மெல்லிய சுவரும் துள்ளுகிற குதிரையும் சேர்ந்தால் நல்ல கைக்கும் ஆணி ஒருநாள் தவறும். தவறியதை ஒப்புக்கொண்டு உடனே வந்து கழற்றுகிற லாடக்காரரை விட்டுவிடக் கூடாது.

லாடக்காரரின் அருமை தெரிய வேண்டுமானால் பாண்டிய நாட்டைப் பார்க்க வேண்டும். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் காயல் துறைமுகத்துக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறார். அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார்களாம். ஆண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை செத்துவிடுமாம். குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் போட்டார்கள் என்றும், குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இல்லை என்றும் சொல்கிறார். விற்க வந்த வியாபாரிகள் அப்படிப்பட்டவர்களைக் கூட அழைத்து வரவும் விடவில்லையாம். பழைய குதிரை செத்தால்தானே புதுக் குதிரை விற்கும்! கப்பல் கப்பலாகப் பொன் கொடுத்தும் கால் பார்க்க ஆள் இல்லாத அரசர்களை நினைத்தால், தெருமுனையில் குறட்டோடு உட்கார்ந்திருக்கும் பாய் பெரிய செல்வம்தான்.

லாடத்தைக் கழற்றுவதிலும் முறை உண்டு. குறட்டை விட்டு ஒரேயடியாக நெம்பினால் புண்ணான இடம் நசுங்கும், சுவரும் பிய்ந்துவிடும். மடக்கிய முனைகளை நிமிர்த்தி, ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எந்த ஆணியைத் தொடும்போது குதிரை துடிக்கிறது, எந்த ஆணி ஈரமாக வருகிறது, எதில் கருப்பு நீரோ நாற்றமோ இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குற்றவாளி அந்த ஆணிதான்.

வெறும் அழுத்தம் என்றால் ஆணி வந்ததுமே குதிரை பெருமூச்சு விட்டுக் காலை ஊன்ற ஆரம்பிக்கும். சீழ் என்றால் அது வெளியேற வழி வேண்டும். பெரிய இடுக்கி போன்ற கருவியால் குளம்பை இடம் இடமாக அழுத்தி, வலிக்கிற புள்ளியைக் கண்டுபிடித்து, அந்தக் கோட்டின் ஓரமாகச் சிறு துளை போடுவார் டாக்டர். பயறு அளவுத் துளை போதும். சாம்பல் நிறத்திலோ கருப்பாகவோ நாற்றமெடுத்த நீர் பீறிடும். ஆர்வக்கோளாறில் கத்தியை வைத்து அடிப்பகுதியையே தோண்டி எடுப்பவர்கள் உண்டு. அந்தக் குழி ஆற மாதங்கள் ஆகும். வழியே விடாமல் வைத்திருந்தால் சீழ் மேல் நோக்கி ஏறி, குளம்பும் தோலும் சேரும் இடத்தில் உடைத்துக்கொண்டு வரும்.

பிறகு செய்வது வீட்டு வைத்தியம்தான். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், அதில் எப்சம் உப்பு. ரப்பர் வாளியில் குளம்பை 15, 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும். துடைத்துவிட்டுச் சுத்தமான துணியும் பஞ்சும் வைத்துக் கட்ட வேண்டும். முன்பு தவிட்டுப் பற்றுப் போட்டுக் கோணித் துண்டால் கட்டினார்கள். இப்போது குழந்தைக்குப் போடும் டயப்பரைக் குளம்புக்கு மாட்டி, மேலே அகலமான ஒட்டுநாடாவைச் சுற்றிவிடுகிறார்கள். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் கச்சிதமாக நிற்கிறது. ஒட்டுநாடா குளம்போடு நிற்க வேண்டும், மேலே தோலை இறுக்கக் கூடாது. லாயத்துத் தரை காய்ந்திருக்க வேண்டும். வழி சரியாக விட்டிருந்தால் ஒன்றிரண்டு நாளில் குதிரை தேறுவது கண்கூடாகத் தெரியும். தேறவில்லை என்றால் டாக்டர் திரும்பப் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டியிருக்கும்.

மிச்சம் பிடிக்கக் கூடாத ஊசி

கட்டுக்குத் துணி பழையதாக இருக்கலாம். வாளி இரவல் வாங்கலாம். ஆனால் ஒரு செலவில் மிச்சம் பிடிக்கவே கூடாது. அதுதான் ரணஜன்னி ஊசி. டெட்டனஸ் என்று ஆஸ்பத்திரியில் சொல்லும் இந்த நோய்க்கு மற்றப் பிராணிகளைவிடக் குதிரை எளிதில் இரையாகும். சாணமும் மண்ணும் கலந்த இடம், ஆழமான சிறு துளை — அந்தக் கிருமிக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. நொண்டல் சரியாகி, எல்லோரும் மறந்த பிறகு ஒருநாள் தாடை கட்டிக்கொண்டு, உடம்பு விறைத்து நிற்கும். அப்போது காப்பாற்றுவது மிகக் கடினம். குதிரைக்கு ஏற்கெனவே தடுப்பூசி போட்டிருக்கிறதா, எப்போது போட்டது என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்கேற்ப எந்த ஊசி என்று அவர் முடிவு செய்வார்.

தெருவில் கிடக்கும் ஆணி

பெங்களூரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு வீடு இடிபடுகிறது, ஒரு வீடு எழும்புகிறது. சென்டரிங் பலகையிலிருந்து விழுந்த ஆணிகளும் ஜல்லித் துண்டுகளும் தெருவெல்லாம் கிடக்கின்றன. லாடம் சுற்றிலும் வளையமாகத்தான் காக்கிறது, நடுவில் குளம்பு திறந்தே இருக்கிறது.

அங்கே ஆணி ஏறி நின்றால் உடனே பிடுங்கிவிடத்தான் கை துடிக்கும். பிடுங்கக் கூடாது! குளம்பின் அடியில் அம்பு முனை வடிவில் ரப்பர் போன்ற ஒரு பகுதி இருக்கிறதே, அதன் நடுவிலும் பின்புறத்திலும் ஏறிய ஆணி உள்ளே இருக்கும் நரம்புப் பட்டையையோ மூட்டையோ தொட்டிருக்கலாம். ஆணியோடு படம் எடுத்தால்தான் அது எதுவரை போயிருக்கிறது என்று தெரியும். ஆணியைச் சுற்றி மரத்துண்டும் துணியும் வைத்துக் கட்டி, அது மேலும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டு டாக்டரை வரவழைக்க வேண்டும். வேறு வழியே இல்லாமல் பிடுங்க நேர்ந்தால், எந்த இடம், எந்தச் சாய்வு, எவ்வளவு ஆழம் என்று குறித்துக்கொண்டு, அந்த ஆணியையும் பத்திரமாக வைத்துக் காட்ட வேண்டும்.

இரண்டு கால்களும் வலித்தால்

குதிரை இரண்டு முன்னங்கால்களையும் முன்னே நீட்டி, பின்பக்கம் சாய்ந்து நின்றால் அது ஆணிக் கோளாறாக இருக்க வாய்ப்புக் குறைவு. குளம்புக்குள் இருக்கும் அந்தச் சதை மடிப்புகளே அழற்சி கண்டுவிட்டன என்று சந்தேகிக்க வேண்டும். அவிழ்த்துக்கொண்டு போய்த் தானிய மூட்டையில் வாய் வைத்த குதிரைக்கு இது வரும். கல்யாண வீட்டில் பிரியமாக ஆளுக்கொரு தட்டு சோறும் இனிப்பும் ஊட்டுகிறார்களே, அந்தப் பிரியமும் இதில்தான் கொண்டுபோய் விடும். இந்தக் குதிரையை நடத்தக் கூடாது. குளம்பு சூடாக இருந்தால் ஐஸ் தண்ணீரில் நிறுத்திவிட்டு டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டும். வெந்நீர் இதற்கு ஆகாது. 1973-ல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற செக்ரெட்டேரியட், 1989-ல் இந்த நோயால்தான் முடிந்தது. உலகப் புகழ் குதிரைக்கே அந்தக் கதி என்றால் வாடகைக் குதிரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எலும்பே முறிந்திருப்பதும் உண்டு. 1966 டிசம்பரில் இங்கிலாந்தின் கெம்ப்டன் மைதானத்தில் ஆர்க்கிள் என்ற பெயர்பெற்ற குதிரை குளம்புக்குள் இருக்கும் எலும்பு முறிந்த நிலையில் ஓடி, இரண்டாவதாக வந்து சேர்ந்தது. அதன் பிறகு அது பந்தயத்தில் ஓடவே இல்லை. குதிரை ஓடுகிறதே, அப்படியானால் பெரிய வலி இருக்காது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாத்திரை கொடுத்து ஓட்டலாமா?

மாலை ஆறு மணி ஊர்வலத்துக்கு வருவோம். நண்பகல் ஆகிவிட்டது. யாரோ ஒருவர் காதில் ஓதுகிறார்: “அண்ணே, ஒரு வலி மாத்திரை குடுத்தா ரெண்டு மணி நேரம் தாங்கும்.” தாங்கும்தான். பினைல்பியூட்டசோன் என்ற மருந்து குதிரையின் வலியை நன்றாகவே மறைக்கும். 1968-ல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த டான்சர்ஸ் இமேஜ் என்ற குதிரையின் உடலில் இந்த மருந்து இருந்தது தெரிந்து வெற்றியைப் பறித்துவிட்டார்கள். டாக்டர் பார்த்துக் கொடுத்தால் அது மருந்து. ஊர்வலத்தை முடிப்பதற்காகக் கொடுத்தால், சதைக்குள் ஆணி இருக்கும் காலைத் தார் ரோட்டில் அடிக்க வைப்பதற்கான ஏற்பாடு. மேளமும் வெடியும் சூழ்ந்த கூட்டத்தில் அந்தக் குதிரை இடறினால் மேலே உட்கார்ந்திருப்பவர் மாப்பிள்ளை!

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. நோயோ புண்ணோ ஊனமோ உள்ள பிராணியிடம் வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 1965-ல் வந்த விதிகள் ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவெளி விடாமல் 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்கின்றன.

குதிரைக்காரர் மட்டும் நினைத்தால் போதாது. வாடகைக்குப் பேசியவர்களும் விட்டுக்கொடுக்க வேண்டும். “குதிரைக்குக் கால் சரியில்லை, வேறு குதிரைக்கு ஏற்பாடு செய்கிறேன், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்” என்று ஒருவர் காலையிலேயே வந்து சொன்னால், அவரைத் திட்டி அனுப்புவது எளிது. ஆனால் அப்படி வந்து சொல்பவர்தான் யோக்கியமானவர். காரில் போனாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான்.

டாக்டருக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். குயின்ஸ் ரோட்டில் அரசாங்க மாட்டாஸ்பத்திரி இருக்கிறது. ஹெப்பாளில் 1958-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலை ஊன்றாத குதிரையை அவ்வளவு தூரம் நடத்திக்கொண்டு போக முடியாது. 1962 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து கால்நடை ஆம்புலன்ஸ் கேட்கலாம். எப்போது லாடம் அடித்தது, எப்போது நொண்ட ஆரம்பித்தது, என்ன தீனி போட்டது என்ற மூன்றையும் தயாராகச் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மீண்டும் லாடம்

சீழ் நின்று, துளை காய்ந்து கெட்டிப்பட்ட பிறகுதான் திரும்ப லாடம். பழைய துளையில் ஆணி அடிக்கக் கூடாது. அந்த இடத்தை விட்டு அடிக்கும்படி பாயிடம் சொல்ல வேண்டும், சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளர்கிறது. ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சீவி அடிப்பதே முறை. லாடம் தேயவில்லையே என்று மூன்று மாதம் விட்டுவைப்பது சிக்கனமல்ல. குளம்பு வளர்ந்து லாடத்தை மூடிக்கொண்டு வந்தால், தளர்ந்த ஆணிகள் சுவரைக் கிழிக்கும். பிறகு ஆணி அடிக்க நல்ல இடமே இல்லாமல் போய், லாடக்காரர் சதையை ஒட்டி அடிக்க வேண்டிய நிலை வரும்.

லாடம் அடித்த அன்றும் மறுநாளும் குதிரையைக் கல் பாவிய தரையில் கொஞ்சம் நடத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்க வேண்டும். ஒரு காலின் சத்தம் மட்டும் மெதுவாகவோ முந்தியோ விழுந்தால், அன்றே பாயைக் கூப்பிட வேண்டும். நான்கும் ஒரே அளவில் விழுந்தால், அடுத்த முகூர்த்தத்துக்கு முன்பணம் வாங்கலாம்.